விளையாட்டுலக இசெக்காய்

விளையாட்டுலக இசெக்காய் என்பது, நம் உலகில் வாழும் ஒருவர் ஒரு நிகழ்பட ஆட்டத்தின் உலகுக்குள், அல்லது அத்தகைய ஆட்டத்தின் விதிகளைப் போன்ற விதிகளால் இயங்கும் உலகுக்குள், பெயர்க்கப்படுவதையோ மறுபிறவி எடுப்பதையோ கருவாகக் கொண்ட புனைவு வகை ஆகும். ஜப்பானிய இணையப் புதினம், இலகு புதினம், மங்கா, அனிமே ஆகிய வடிவங்களில் இவ்வகை 2010களில் பெருவளர்ச்சி கண்டது.

இவ்வகைக் கதைகளுள் ஒரு பெரும் பிரிவில், உள்ளே செல்பவர் ஆட்டத்தின் நாயகராக அமைவதில்லை. எவரும் பொருட்படுத்தாத துணை மாந்தராகவோ, மிகத் தாழ்ந்த ஆற்றலுடைய உயிரியாகவோ, கதைப்படி தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவராகவோ அவர் அமைகிறார். உடல் வலுவுக்கு ஈடாக அவரிடம் இருப்பது ஆட்டத்தைப் பற்றிய அறிவு மட்டுமே. அந்த அறிவு எவ்வளவு தூரம் உதவும் என்பதும், ஆட்டப் பொம்மைகளாக அறியப்பட்டவர்களை மனிதர்களாக நடத்த வேண்டுமா என்பதும் இக்கதைகளின் இரு அடிப்படை வினாக்கள் ஆகும்.

பெயரும் கலைச்சொற்களும்

"இசெக்காய்" என்னும் ஜப்பானியச் சொல் "வேறு உலகம்" எனப் பொருள்படும். இச்சொல் 2024 ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் சேர்க்கப்பட்டது. இசெக்காய் கதைகள் பொதுவாக இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. கதைமாந்தர் தன் உடலுடனேயே வேறு உலகுக்குச் செல்வது பெயர்வு வகை. நம் உலகில் இறந்து, பழைய நினைவுகளுடன் வேறு உலகில் பிறப்பது மறுபிறவி வகை.

பின்னணியில் நிற்கும் பெயரற்ற மாந்தரைக் குறிக்க ஜப்பானியர் "மோபு" என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். கூட்டம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இது வந்தது. சந்தையில் நிற்பவர், வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர், எத்தனை முறை பேசினாலும் ஒரே வரியைத் திரும்பச் சொல்லும் ஊரார் போன்றோர் மோபு மாந்தர் ஆவர்.

முன்னோடிகள்

மனிதர் வேறு உலகுக்குச் சென்று வருவது மிகப் பழைய கதைக்கரு ஆகும். ஆமையின் மீதேறிக் கடலடி மாளிகைக்குச் செல்லும் உரஷிமா தாரோ என்னும் மீனவனின் கதை ஜப்பானில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மேலை நாட்டு இலக்கியத்தில் லூயிசு கரோலின் ஆலிசு கதை (1865), மார்க் டுவைனின் கனெக்டிகட் யாங்கி கதை (1889) ஆகியவற்றைக் குறிப்பிடலாம். பின்னதில், பிற்காலத்து அறிவு கொண்ட ஒருவர் ஆர்தர் மன்னரின் காலத்துக்குச் சென்று அவ்வறிவையே ஆயுதமாகப் பயன்படுத்துகிறார். இன்றைய இசெக்காய் நாயகர்களின் வழிமுறையும் இதுவே.

ஒரு விளையாட்டின் உலகுக்குள் செல்லும் கதை தோன்ற, முதலில் தனி உலகம் கொண்ட விளையாட்டுகள் தோன்ற வேண்டியிருந்தது. 1974 இல் வெளியான டஞ்சன்சு அண்டு டிராகன்சு என்னும் மேசை விளையாட்டு, கதைமாந்தரின் வலு, அறிவு, உயிர்ப்புள்ளிகள், நிலை ஆகியவற்றை எண்களாகக் குறிக்கும் முறையைப் பரவலாக்கியது. இவ்வகை விளையாட்டை ஆடுபவர்கள் அதன் உலகுக்குள் இழுக்கப்படுவதாக ஆண்ட்ரே நார்டன் எழுதிய குவாக் கீப் என்னும் புதினம் 1978 இல் வெளிவந்தது. 1982 இல் வெளியான டிரான் திரைப்படத்தில் ஒரு நிரலர் கணினிக்குள் ஈர்க்கப்படுகிறார். 1983 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய டஞ்சன்சு அண்டு டிராகன்சு கேலிப்படத் தொடரில், கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் சிறுவர்கள் அவ்விளையாட்டின் உலகில் சிக்கிக்கொள்கின்றனர்.

ஜப்பானில் 1986 இல் வெளியான டிராகன் குவெசுட் நிகழ்பட ஆட்டம், மேற்கண்ட எண்முறையை வீடுகள்தோறும் கொண்டு சேர்த்தது. தொடக்கத்தில் எதிர்ப்படும் மிக எளிய எதிரியாகச் சிலைம் என்னும் கூழுயிரி இடம்பெற்றதும் இவ்வாட்டத்தில்தான். நிலை, திறன், தொழில்வகை, அனுபவப் புள்ளி போன்ற கருத்துகள் விளக்கம் தேவைப்படாத பொது அறிவாக மாறியதால், பிற்கால எழுத்தாளர்கள் அவற்றை நேரடியாகக் கதையில் பயன்படுத்த முடிந்தது.

இணையப் புதினங்களின் காலம்

2002 இல் தொடங்கிய டாட் ஹேக் தொடர், இணைய ஆட்டத்திலிருந்து வெளியேற முடியாத ஒருவரின் கதையைக் கூறியது. அதே ஆண்டு ரெக்கி கவஹாரா தன் இணையத்தளத்தில் சுவோர்ட் ஆர்ட் ஆன்லைன் என்னும் புதினத்தை வெளியிடத் தொடங்கினார். அது 2009 இல் நூலாகவும் 2012 இல் அனிமேயாகவும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. இக்கதையில் ஆட்டக்காரர்களின் உடல் நம் உலகிலேயே இருப்பதால், இதனை முழுமையான இசெக்காய் எனக் கொள்ளலாகாது என்போரும் உளர்.

2004 இல் தொடங்கப்பட்ட "ஷோசெத்சுக்கா நி நரோ" (புதின எழுத்தாளர் ஆகலாம்) என்னும் இணையத்தளம் இவ்வகையின் விளைநிலமாக அமைந்தது. இங்கு எவரும் கட்டணமின்றித் தம் புதினத்தைப் பகுதி பகுதியாக வெளியிடலாம். வாசகர்கள் அளிக்கும் புள்ளிகளைக் கொண்டு தரவரிசை உருவாகிறது. வரிசையில் மேலே வரும் படைப்புகளைப் பதிப்பகங்கள் இலகு புதினங்களாக வெளியிடுகின்றன. இலகு புதினம் என்பது ஓவியங்களுடன், பெரும்பாலும் இளைஞர்களை நோக்கி எழுதப்படும் எளிய நடைப் புதினம் ஆகும்.

இந்த அமைப்பு கதைகளின் வடிவத்தையும் பாதித்தது. பல்லாயிரம் கதைகளுக்கு இடையே தலைப்பைப் பார்த்தே வாசகர் தெரிவு செய்வதால், கதையின் சுருக்கமே தலைப்பாக அமையும் வழக்கம் பரவியது. ஏற்கனவே அறிந்த ஆட்ட விதிகளைப் பயன்படுத்துவதால் புதிய உலகை நீண்ட பக்கங்களில் விளக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

வலுவின்மையின் வகைகள்

இக்கதைகளில் கதைமாந்தரின் வலுவின்மை பல வகைகளில் அமைகிறது.

தாழ்ந்த உயிரி: ஒக்கினா பாபா எழுதிய "நான் ஒரு சிலந்தி, அதனால் என்ன?" என்னும் புதினத்தில், பள்ளி மாணவி ஒருத்தி பெரும் நிலத்தடிச் சுரங்கத்தில் சிலந்திக் குஞ்சாகப் பிறக்கிறாள். பிறந்தவுடனேயே உடன்பிறந்த சிலந்திகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்குகின்றன. பொருள்களின் விவரத்தை அறியும் திறன் ஒன்றைத் தன்னிடமிருந்த புள்ளிகளைச் செலவிட்டுப் பெறுகிறாள். அது முதலில் சுவரைச் "சுவர்" என்று மட்டுமே காட்டுகிறது. ஓயாமல் பயன்படுத்துவதால் அத்திறன் சிறுகச் சிறுக வளர்கிறது.

தாழ்ந்த தொழில்வகை: நத்சுமே அக்கத்சுக்கி எழுதிய கொனோசுபா என்னும் நகைச்சுவைப் புதினத்தில், கசுமா என்னும் இளைஞனுக்கு நல்லூழைத் தவிர வேறெந்த எண்ணும் சிறப்பாக அமைவதில்லை. பதிவு செய்யும் இடத்தில் உள்ள பணியாளர் அவனை வணிகம் செய்யுமாறு அறிவுறுத்துகிறார். அவன் பெறும் "சாகசக்காரன்" என்னும் தொழில்வகை யாவற்றிலும் தாழ்ந்தது. எனினும் எல்லா வகைத் திறன்களையும் ஓரளவு கற்க அது ஒன்றே இடம் தருகிறது.

பின்னணி மாந்தர்: யோமு மிஷிமா எழுதிய, "மோபுசெக்கா" எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புதினம் இவ்வகையின் தெளிவான எடுத்துக்காட்டு. அலுவலகப் பணியாளர் ஒருவர், பெண்களை நோக்கி உருவாக்கப்பட்ட ஒத்தோமே வகைக் காதல் ஆட்டம் ஒன்றைத் தங்கையின் வற்புறுத்தலால் ஆடி முடிக்கிறார். பின்னர் மாடிப்படியில் விழுந்து இறக்கும் அவர், அதே ஆட்டத்தின் உலகில் வறிய பிரபு ஒருவரின் மூன்றாம் மகன் லியோனாகப் பிறக்கிறார். ஆட்டத்தின் கதையில் அவருக்கு இடமே இல்லை.

தோற்கப் படைக்கப்பட்டவர்: சத்தோரு யமகுச்சி எழுதிய "என் அடுத்த பிறவியில் நான் வில்லி" என்னும் பொருள்படும் தலைப்புடைய புதினத்தில், கத்தரீனா என்னும் எட்டு வயதுச் சிறுமி தலையில் அடிபட்டதும் முற்பிறவியை நினைவுகூர்கிறாள். தான் ஆடிய ஆட்டத்தின் வில்லியாகத் தான் பிறந்திருப்பதையும், அவ்வாட்டத்தில் வில்லிக்கு நாடுகடத்தலோ இறப்போ மட்டுமே முடிவு என்பதையும் உணர்கிறாள். உயர்குடியில் பிறந்தவளாயினும் அவளது மாயவித்தை, சிறு மண்மேட்டை எழுப்பும் அளவுக்கு மேல் வளர்வதில்லை.

ஜப்பானுக்கு வெளியிலும் இக்கரு கையாளப்பட்டுள்ளது. 2017 இல் வெளியான ஜுமாஞ்சி: வெல்கம் டு த ஜங்கிள் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் நான்கு மாணவர்கள் பழைய நிகழ்பட ஆட்டம் ஒன்றுக்குள் இழுக்கப்படுகின்றனர். பள்ளியின் வலிமைமிக்க கால்பந்து வீரன், குள்ளமான விலங்கியலாளராக மாறுகிறான். அந்த மாந்தருக்கு ஆட்டம் பட்டியலிடும் குறைகள் மூன்று: அணிச்சல், வேகம், வலிமை. ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர்களே உண்டு என்பதால், வலியவராக இருந்தவர் பிறரைச் சார்ந்திருக்க நேர்கிறது.

அறிவு என்னும் கருவி

நிகழ்பட ஆட்டம் என்பது விதிகளின் தொகுப்பு. எந்த இடத்தில் எப்பொருள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளது, எந்த நிகழ்வுக்குப் பின் எந்த வாயில் திறக்கும், எந்த எதிரிக்கு எது பலவீனம் என்பன முன்கூட்டியே நிரலில் எழுதப்பட்டவை. எனவே ஒருமுறை ஆடி முடித்தவருக்கு அவ்வுலகின் எதிர்காலமே தெரிந்திருக்கும். பின்னணி மாந்தராகப் பிறந்தவர், நாயகர் வருவதற்கு முன்பே சென்று மறைபொருளை எடுத்துவிட முடியும்.

மோபுசெக்காவின் லியோன் இதையே செய்கிறார். முற்பிறவியில் தனிக் கட்டணம் செலுத்திப் பெற்ற லக்சியான் என்னும் பழங்கால வான்கப்பல் எங்கிருக்கும் என்பதை நினைவில் வைத்துத் தேடிச் சென்று அடைகிறார். அறிவுடன் எந்திரம் ஒன்றும் சேர்ந்த பிறகு, நாட்டின் இளவரசனையே அவரால் எதிர்க்க முடிகிறது. கத்தரீனாவின் வழி வேறானது. நாடுகடத்தப்பட்டால் பிழைக்க வேண்டும் என எண்ணி உழவு கற்கிறாள். தன்னைக் கொல்லக்கூடிய இளவரசன் பாம்புக்கு அஞ்சுவான் என அறிந்து, பொம்மைப் பாம்புகளைச் செய்து பழகுகிறாள்.

ஆயினும் இந்த அறிவுக்கு எல்லைகள் உள்ளன. முதலாவதாக, அறிந்தவர் செயற்படத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. மாறிய கதையில் பழைய அறிவு பயனற்றுப் போகிறது. இளவரசனையும் அவன் தோழர்களையும் லியோன் வென்றபின், ஆட்டத்தின் அடுத்த நிகழ்வுகள் எழுதப்பட்ட வரிசையில் நடப்பதில்லை. கத்தரீனாவின் கதையிலும், வில்லியைப் பகைக்க வேண்டியவர்கள் அவளை விரும்பத் தொடங்குகின்றனர். ஆனால் பழைய கதையையே நம்பியிருக்கும் அவள் அதனை உணர்வதில்லை. கதையின் நகைச்சுவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாவதாக, ஆட்டத்தில் பணி முடிந்ததும் காட்சி முடிந்துவிடும். உலகில் அவ்வாறு முடிவதில்லை. அனெக்கோ யுசாகி எழுதிய, கேடய வீரனின் எழுச்சி எனப் பொருள்படும் புதினம் இதனை விரிவாகக் காட்டுகிறது. இதில் நான்கு வீரர்கள் வேறு உலகுக்கு அழைக்கப்படுகின்றனர். வாள், ஈட்டி, வில் ஆகியவற்றைப் பெற்ற மூவரும் அவ்வுலகைத் தாம் ஆடிய ஆட்டங்களாக அடையாளம் காண்கின்றனர். கேடயத்தைப் பெற்ற நவோபுமிக்கு அவ்வறிவு இல்லை. தாக்கும் ஆற்றலும் இல்லை. தங்கள் ஆட்டங்களில் கேடயம் தாங்குபவர் பயனற்றவராகக் கருதப்படுவதாக ஏனைய மூவரும் கூறுகின்றனர்.

பின்னர் நடப்பது இதற்கு நேர்மாறானது. வாள் வீரன் பறவைநாகம் ஒன்றைக் கொன்று பிணத்தை அப்படியே விட்டுச் செல்ல, அது அழுகி அருகிலிருந்த ஊரில் நோய் பரவுகிறது. ஈட்டி வீரன் பஞ்சத்தைத் தீர்க்கக் கொடுத்த அற்புத விதை, கட்டுக்கடங்காமல் வளர்ந்து ஊரையே மூடுகிறது. வில் வீரன் கொடுங்கோல் அரசன் ஒருவனை வீழ்த்திய நாட்டில் மக்களின் பசி தீர்வதில்லை. ஆட்டத்தில் இம்மூன்றும் வெற்றியுடன் முடிந்த பணிகள். அவற்றின் விளைவுகளைச் சீர்செய்வது, ஆட்டத்தை அறியாத கேடய வீரனின் பணியாகிறது.

மூன்றாவதாக, அறிவும் ஒரு வகை ஏற்றத்தாழ்வை உருவாக்குகிறது. சுவோர்ட் ஆர்ட் ஆன்லைனில் 10,000 பேர் சிக்குகின்றனர். அவர்களுள் 1,000 பேருக்கு மட்டுமே வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனை ஆட்டத்தில் ஆடும் வாய்ப்புக் கிடைத்திருந்தது. ஆட்டத்தில் இறந்தால் உண்மையிலும் இறப்பர் என அறிவிக்கப்பட்டதும், சோதனை ஆட்டக்காரர்கள் பலர் தொடக்கநிலையினரை விட்டுவிட்டு முன்னேறிச் செல்கின்றனர். நாயகன் கிரிட்டோவும் அன்று அறிமுகமான தோழனைத் தொடக்க நகரத்தில் விட்டுச் செல்கிறான். முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இறக்கின்றனர். வழிகாட்டியிருக்கக்கூடியவர்கள் விலகிச் சென்றதன் குற்றவுணர்வு கதை முழுவதும் தொடர்கிறது.

ஆட்டக்காரரல்லாத மாந்தரின் நிலை

ஆட்டத்தில் ஊராரும் கடைக்காரரும் காவலரும் நிரலின் பகுதிகள் மட்டுமே. அவர்களை ஏமாற்றுவதோ தாக்குவதோ அறப்பிழையாகக் கருதப்படுவதில்லை. அதே மாந்தர் பேசவும் பசிக்கவும் இறக்கவும் தொடங்கினால், அந்த வழக்கத்தைத் தொடர முடியுமா என்னும் வினா எழுகிறது.

இதனை மிக முறையாக ஆராயும் படைப்பாக மமாரே டோனோவின் லாக் ஹொரைசனைக் குறிப்பிடலாம். 2010 இல் இணையத்தில் தொடங்கிய இப்புதினத்தில், எல்டர் டேல் என்னும் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர் அதன் உலகுக்குள் பெயர்க்கப்படுகின்றனர். அவர்கள் இறந்தால் மீண்டும் உயிர்த்தெழுவர். ஆனால் "மண்ணின் மக்கள்" எனப்படும் அவ்வுலகத்தார் இறந்தால் இறந்ததுதான். ஆட்டக்காரரல்லாத மாந்தராக இருந்த அவர்களுக்குக் குடும்பம், வரலாறு, அரசியல் யாவும் உண்டு என்பதை வந்தவர்கள் தாமதமாகவே உணர்கின்றனர்.

வலுவற்ற ஆட்டக்காரர்களின் நிலையையும் இக்கதை காட்டுகிறது. தொடக்கநிலையினருக்கு விரைவாக வளர உதவும் ஒரு மருந்து நாள்தோறும் வழங்கப்படுகிறது. ஒரு குழு அத்தகைய சிறார்களை அடைத்து வைத்து, அவர்களது மருந்தைப் பறித்து வலியவர்களுக்கு விற்கிறது. ஆட்டத்தின் விதிகள் இதனைத் தடுப்பதில்லை. ஷிரோயே என்னும் நாயகன் வாளால் அன்றி, உணவுக் கடை நடத்திப் பணம் திரட்டியும், குழுக்களை ஒரு மன்றமாக இணைத்துச் சட்டம் இயற்றியும் இதற்குத் தீர்வு காண்கிறான். விதி இல்லாத இடத்தில் விதியை மனிதரே இயற்ற வேண்டும் என்பது இக்கதையின் நிலைப்பாடு ஆகும்.

குகானே மருயாமாவின் ஓவர்லார்ட் எதிர்த்திசையில் செல்கிறது. இதில் உள்ளே செல்பவர் அளவற்ற ஆற்றல் கொண்டவர். தாமும் தம் குழுவினரும் முன்பு உருவாக்கிய, இப்போது உயிர்பெற்றுவிட்ட மாந்தரிடம் அன்பு காட்டும் அவர், அவ்வுலக மக்களின் துன்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. வலுவற்ற நாயகர்களின் கதைகளுடன் ஒப்பிட்டு நோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. தாழ்ந்த இடத்தில் இருப்பவர் உயிர்வாழப் பிறரின் உதவியை நாட வேண்டியிருப்பதால், அவர்களை அறிந்துகொள்ள நேர்கிறது. உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கு அத்தேவை எழுவதில்லை.

விமர்சனங்கள்

இவ்வகை மீது பல விமர்சனங்கள் உள்ளன. வாழ்வில் தோற்றவர் எளிதில் வெற்றி பெறும் பகற்கனவு இது என்பது முதன்மையானது. "வலுவற்றவர்" எனத் தொடங்கும் பல நாயகர்கள் சில அத்தியாயங்களிலேயே வெல்லமுடியாதவர்களாகிவிடுவது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கேடய வீரன் கதையில் நாயகன் அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்கும் பகுதியும் கண்டனத்துக்கு உள்ளானது.

ஒரே வகைக் கதைகள் பெருகியமையால் 2016 இல் ஷோசெத்சுக்கா நி நரோ தளம் இசெக்காய் கதைகளுக்கெனத் தனித் தரவரிசையை ஏற்படுத்தியது. அதே ஆண்டு அத்தளம் தொடர்புடைய சிறுகதைப் போட்டி ஒன்றிலும், 2017 இல் கடோகவா பதிப்பகத்தின் புதினப் போட்டி ஒன்றிலும் இசெக்காய் கதைகள் ஏற்கப்படவில்லை.

மறுபுறம், வலுவின்மையை இறுதிவரை கைவிடாத படைப்புகளும் உள்ளன. அவோ ஜுமோன்ஜியின் கிரிம்கார் என்னும் புதினத்தில், ஆட்டம் போன்றதோர் உலகில் விழித்தெழும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு கோபிலினைக் கொல்வதே பெரும்பாடாக இருக்கிறது. உயிருக்குப் போராடும் அந்தச் சிற்றுயிரின் அச்சத்தைக் கண்டு அவர்கள் கலங்குகின்றனர். பிற ஆட்டங்களில் சில புள்ளிகளுக்காக எண்ணமின்றிக் கொல்லப்படும் உயிரி அது என்பது குறிப்பிடத்தக்கது.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

அடைப்புக்குறிக்குள் முதலில் நூல் வெளியான ஆண்டும், அடுத்து அனிமே தொடங்கிய ஆண்டும் தரப்பட்டுள்ளன.

- சுவோர்ட் ஆர்ட் ஆன்லைன் (2009, 2012)
- லாக் ஹொரைசன் (2011, 2013)
- ஓவர்லார்ட் (2012, 2015)
- கிரிம்கார் (2013, 2016)
- கேடய வீரனின் எழுச்சி (2013, 2019)
- கொனோசுபா (2013, 2016)
- என் அடுத்த பிறவியில் நான் வில்லி (2015, 2020)
- நான் ஒரு சிலந்தி, அதனால் என்ன? (2015, 2021)
- மோபுசெக்கா (2018, 2022)

இவற்றையும் பார்க்க

- அனிமே
- இலகு புதினம்
- நிகழ்பட ஆட்டம்
- டிராகன் குவெசுட்